சங்கத்தின் தீர்மானங்களை ஆளும் அகக் காரணங்களும் புறக் காரணங்களும்

ஓர் ஐக்கிய நாணய சங்கம் நலிந்து கலைக்கப்படும் நிலைக்கு வந்தால், அதற்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிவர். “மழை பொய்த்தது, நெல் விலை விழுந்தது, சங்கம் என்ன செய்யும்?” என்பர் ஒரு சாரார். “பஞ்சாயத்தார் யோக்கியராயிருந்தால் இந்தக் கதி நேர்ந்திராது” என்பர் மற்றொரு சாரார். முன்னவர் குற்றத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கின்றனர். பின்னவர் அதை நாலைந்து பேர் தலையில் ஏற்றுகின்றனர். ஏரிக்கரை உடைந்த மறுநாளும் கிராமத்தில் இதே வழக்குத்தான் நடக்கும். வெள்ளத்தைக் குறை சொல்வாரும் உண்டு. நண்டு வளையை அடைக்காமல் விட்ட நீர்க்கட்டியைக் குறை சொல்வாரும் உண்டு. வெள்ளம் வராவிட்டால் வளை தெரிந்திராது. வளை இல்லாவிட்டால் வெள்ளம் கலிங்கு வழியே போயிருக்கும். ஸ்தாபனங்களின் வரலாற்றையும் இம்முறையிலேயே ஆராய்தல் தகும். சென்னை மாகாணத்தின் கிராம நாணய சங்கங்கள் 1904 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பட்ட பாடு இதற்கு மிகவும் ஏற்ற பாடமாகும்.

முதலில் சங்கத்தின் அமைப்பு எதை நம்பி ஏற்பட்டது என்பதை அறிதல் அவசியம். சர் பிரடெரிக் நிக்கல்ஸன் என்பார் சென்னை அரசாங்கத்தாரால் நியமிக்கப்பட்டு, ஐரோப்பிய நாணய சங்கங்களை ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். அவர் பெரிதும் போற்றிய முறை ஜெர்மனியில் ரெய்பீஸன் என்பவர் வகுத்ததாகும். ரெய்பீஸனுடைய முறையும் ஒரே நாளில் ஏற்பட்டதன்று. அவர் வையர்புஷ் என்னும் ஊரின் நிர்வாகியாயிருந்தபோது 1846-47-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் வந்தது. அப்போது செல்வந்தரிடம் பணம் திரட்டி, தானியம் வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுக்கும் ஒரு சங்கம் கண்டார். பின்னர் ஹெடஸ்டார்ப் என்னும் ஊரில் 1854-இல் வைத்த சங்கமும் செல்வந்தருடைய தர்ம சிந்தையையே ஆதாரமாகக் கொண்டது. கடன் வாங்குவோர் அங்கத்தினரல்லர். ஜாமீன் பொறுப்பை ஏற்றோர் கடன் வாங்குவோரல்லர். ஆண்டுகள் செல்லச் செல்லத் தருமவான்களின் ஊக்கம் தளர்ந்தது. பயனைப் பெறுவோரும் பொறுப்பை ஏற்போரும் ஒருவராகவே இருந்தாலன்றிச் சங்கம் நிலையாதென்று கண்டு, ரெய்பீஸன் 1864-இல் அதைக் கடன் வாங்குவோரே அங்கத்தினராகிய நாணய சங்கமாக மாற்றி அமைத்தார். பஞ்சம் என்னும் புறக் காரணம் முதற் சங்கத்தைப் பிறப்பித்தது; ஊக்கத் தளர்ச்சி என்னும் அகக் காரணம் அதன் உருவையே மாற்றிற்று.

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் கிராமங்களில் ஏற்பட்ட சங்கங்கள் இந்த ஜெர்மானிய முறையையே பின்பற்றின. ஒரு கிராமத்திற்கு ஒரு சங்கம். ஆளுக்கு ஒரு வோட்டு. ஊதியம் பெறாத பஞ்சாயத்தார். எல்லாவற்றிற்கும் மேலாக, அளவற்ற பொறுப்பு. சங்கம் முறிந்து கலைப்பு அதிகாரி வந்து சேர்ந்தால், ஒரு காசும் கடன் வாங்காத அங்கத்தினனும் பிறர் வைத்த பாக்கிக்குத் தன் சொத்தைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்பதே இதன் பொருள். இரண்டு ஏக்கர் புஞ்சையும் ஒரு ஜோடி மாடும் உடைய குடியானவன் ஒருவன், தலைவருடைய மைத்துனர் வாங்கிய கடனுக்காகத் தன் மாட்டை இழக்கவும் கூடும். இந்த அச்சம் இருந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவர் கடனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பர் என்பதே சட்டம் செய்தோர் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு நியாயமானதே. ஆனால் அச்சம் மட்டும் இருந்து, வாய் திறக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை அவர்கள் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு கிராமச் சங்கத்தில் கடன் மனு தீர்மானமாகும் விதத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்கலாம். பின்வருவது எந்த ஒரு சங்கத்தைப் பற்றியதுமன்று. பலவற்றின் தன்மையை ஓரிடத்தில் வைத்துக் கூறுவதேயாம். மாலை விளக்கேற்றிய பின் தலைவர் வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்துக் கூடுகிறது. ஐந்து பேரில் ஒருவர் தலைவருக்குச் சம்பந்தி; ஒருவர் அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்; ஒருவர் வெளியூர் போயிருக்கிறார்; மற்றவர் காரியதரிசி. எழுதப் படிக்க நன்கு அறிந்தவர் காரியதரிசி ஒருவரே. கையிருப்பு முந்நூறு ரூபாய். மனுக்களோ அறுநூறு ரூபாய்க்கு உள்ளன. எந்த மனு முதலில் வாசிக்கப்படுகிறதோ அதற்கே பணம் கிடைக்கும். வாசிக்கும் வரிசையை எந்த உபவிதியும் வகுக்கவில்லை. அது காரியதரிசியின் கையிலுள்ளது. ஆகவே, தீர்மானம் கூட்டத்தில் நிறைவேறுவதாகப் புத்தகம் கூறினாலும், உண்மையில் மனுக் கட்டை அவர் அடுக்கியபோதே அது நிறைவேறிவிட்டது. அடியில் “ஏகமனதாக” என்று எழுதப்படுகிறது. தீர்மானப் புத்தகத்தைத் தணிக்கை செய்வோர் ஒவ்வொரு பக்கத்திலும் இச்சொல்லையே கண்டால் மகிழ்ச்சி அடையாமல் சற்றுச் சந்தேகம் கொள்வதே நலம். ஐந்து மனிதர் ஆண்டு முழுவதும் ஒரு விஷயத்திலேனும் மாறுபடவில்லை என்றால், அவர்களில் நால்வர் பேசவில்லை என்றே கொள்ளவேண்டும்.

கூட்டம் கூடும் இடமும் ஒரு காரணமே. கோயில் மண்டபத்திலோ அக்கிரகாரத்துத் திண்ணையிலோ மகாசபை கூடினால், ஆதிதிராவிட அங்கத்தினர் அந்நாளில் தெருக்கோடியில் நின்றே திரும்ப நேர்ந்தது. அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வோட்டு உண்டென்று உபவிதி கூறிற்று. இடம் அந்த வோட்டை எடுத்துக்கொண்டது. பிறகு பெருவிரல் ரேகை வாங்கக் குறிப்பேடு மட்டும் சேரிக்குப் போயிற்று. எழுதாத உபவிதி எழுதிய உபவிதியை வென்ற இடங்களில் இது ஒன்று. அளவற்ற பொறுப்போ எவரையும் விலக்கவில்லை.

கடன் கொடுப்பதைவிட வசூலிப்பதில் அகக் காரணங்களின் வலிமை இன்னும் தெளிவாகப் புலப்படும். தவணை தப்பியவர் மீது நடவடிக்கை எடுக்கப் பஞ்சாயத்தார் தயங்குவதை அயோக்கியத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஜப்தி மனுவில் கையெழுத்திட வேண்டியவருடைய வயல் வாய்க்காலின் கடைமடையிலும், பாக்கிக்காரருடைய வயல் அதற்கு மேல் மடையிலும் இருந்தால், அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பதை வெளியூரிலிருந்து வருபவர் அறியார். மேலும் ஜாமீன் முறை “நீ எனக்கு, நான் உனக்கு” என்று சுற்றி வந்திருக்கும். ஒருவரைப் பிடித்தால் நால்வர் வருவர். அந்த நால்வரில் பஞ்சாயத்தாரும் இருப்பர். ஆகவே “அடுத்த கூட்டத்தில் யோசிப்பது” என்று தீர்மானம். ஒன்றையும் தீர்மானியாமலிருப்பதும் ஒரு தீர்மானமே என்பதும், அதன் பயனைப் பாக்கிக்காரரும் செலவைச் சிறு அங்கத்தினரும் பெறுவர் என்பதும் அப்போது எவருக்கும் தோன்றுவதில்லை. நாணயமாகக் கட்டி வந்தவர், கட்டாதவருக்கு ஒன்றும் நேராததைக் கண்டு, அடுத்த ஆண்டு தாமும் நிறுத்திக்கொள்வர்.

இத்தகைய வளைகள் 1904-க்கும் 1929-க்கும் இடையில் பல சங்கங்களில் ஏற்பட்டிருந்தன. 1914-15-இல் மக்லகன் கமிட்டியாரும், 1927-28-இல் சென்னை மாகாணத்திற்கென அமைந்த டவுன்ஸெண்ட் கமிட்டியாரும் இயக்கத்தை ஆராய்ந்தனர். ஆயினும் விளைபொருள்களுக்கு நல்ல விலை இருந்த வரையில் வளைகள் நீரின் மட்டத்திற்கு மேலேயே இருந்தன எனலாம். 1929-இன் இறுதியில் உலகெங்கும் வியாபார மந்தம் தொடங்கிற்று. ஓரிரு ஆண்டுகளில் நெல் விலை ஏறத்தாழப் பாதிக்கு இறங்கிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவான அரிசி சென்னைக் கரையில் வந்து இறங்கியது இந்த வீழ்ச்சியை மேலும் அதிகப்படுத்திற்று.

இதன் விளைவைக் கணக்கிட்டாலன்றி உணர முடியாது. கணக்குக்காக மட்டும், மூட்டை நெல் 5 ரூபாய் விற்ற காலத்தில் ஒரு குடியானவர் மாடு வாங்க 100 ரூபாய் கடன் பெற்றதாகக் கொள்க. வட்டி ரூபாய் ஒன்றுக்கு மாதம் ஒன்றரைப் பை. அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 9⅜. ஓராண்டு கழித்து அவர் செலுத்தவேண்டியது 109 ரூபாய் 6 அணா. பழைய விலையில் இது 22 மூட்டைக்கும் சற்றுக் குறைவு. விலை இரண்டரை ரூபாயானால் ஏறத்தாழ 44 மூட்டை. அவர் நிலம் 40 மூட்டைதான் விளையுமானால், வீட்டில் ஒருவரும் ஒரு பிடி சோறு உண்ணாமல் முழுவதையும் விற்றாலும் கடன் தீராது. கிஸ்தியும் ரூபாயிலேயே கட்டவேண்டும். 10 ரூபாய்க் கிஸ்திக்கு 2 மூட்டை போன இடத்தில் 4 மூட்டை போகும். அவர் சோம்பேறியாகவில்லை, சூதாடவில்லை, நிலமும் விளைச்சலும் குறையவில்லை. அவருடைய நாணயம் கெட்டது, அவர் கண்ணாலும் காணாத சந்தைகளில். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க அடிப்படையைக் கைவிட்டபின் தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. கிராமங்களிலிருந்து நகைகள் ஏராளமாக விற்பனைக்குச் சென்றன. சிலருடைய கடன் அவ்வாறு மனைவிமார் கழுத்திலிருந்து அடைபட்டது. நகை இல்லாதவர் நிலை வேறு.

எனினும் இந்த அடி எல்லாச் சங்கங்கள்மீதும் ஒரே அளவாக விழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தவணைத் தேதியை எடுத்துக்கொள்வோம். தைமாத அறுவடைக்குப் பின் எல்லாக் கடனையும் மாசிக்குள் செலுத்தவேண்டுமென்று ஒரு சங்கம் விதித்திருந்தால், அங்கத்தினர் அனைவரும் ஒரே சமயத்தில் களத்து மேட்டிலேயே நெல்லை விற்கவேண்டும். வியாபாரி சொன்னதே விலை. இது புறத்திலிருந்து வந்த கஷ்டத்தைச் சங்கமே தன் விதியால் பெருக்கிக்கொண்டதாகும். விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் ஈட்டின்மேல் முன்பணம் கொடுத்து, விலை தேறியபின் விற்றுக் கடனைத் தீர்க்க உதவும் விற்பனைச் சங்கங்கள் 1930-க்குப் பின் மாகாணத்தில் ஊக்கப்படுத்தப்பட்டதன் கருத்து இதுவே. விலையை நிர்ணயிப்பது சங்கத்தின் கையில் இல்லை. விற்கும் நாளை நிர்ணயிப்பது ஓரளவு அதன் கையில் இருந்தது.

இனி, புறக் காரணங்களென்றால் மழையும் சந்தையும் மட்டுமே என்று எண்ணுதல் கூடாது. சங்கத்திற்குப் பணம் கொடுத்த ஜில்லா மத்திய பாங்கும், மேற்பார்வை செய்த யூனியனும், கூட்டுறவு இலாகாவுமே மிகப் பெரிய புறக் காரணங்கள். பாங்குக்குத் தவணையில் பணம் வராவிட்டால் அந்தச் சங்கத்திற்குப் புதுக் கடன் இல்லை. விதி சரியே. ஆனால் அவ்விதி கிராமத்தில் என்ன செய்தது? தவணைக்கு முதல் நாள் அங்கத்தினர் லேவாதேவிக்காரரிடம் ஒரு வாரத்திற்குக் கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டுவார். சங்கம் பாங்குக்குக் கட்டும். பாங்கு புதுக் கடன் அனுப்பும். அதே அங்கத்தினர் அதே தொகையைப் பெற்று லேவாதேவிக்காரருக்குத் திருப்பித் தருவார். பேரேட்டில் கடன் தீர்ந்து புதுக் கடன் பிறந்தது. வயலில் ஒன்றும் மாறவில்லை. ஒரு வார வட்டி மட்டும் லேவாதேவிக்காரருக்கு லாபம். எவருடைய பிடியிலிருந்து விடுவிக்கச் சங்கம் ஏற்பட்டதோ, அவரே சங்கத்தின் நற்பெயரைக் காப்பாற்றி வந்தார் என்பது விசித்திரமே. இதில் பஞ்சாயத்தாரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. மேலேயுள்ளவர் எந்த எண்ணைக் கேட்கின்றனரோ அந்த எண்ணைக் கீழேயுள்ளவர் தயாரித்துக் கொடுப்பர். ஓராண்டில் எத்தனை சங்கம் புதிதாகப் பதிவாயின என்பதைக் கொண்டு உத்தியோகஸ்தரின் வேலையை மதித்தால், சங்கங்கள் பதிவாகும். அங்கத்தினர் தாம் எதில் சேர்ந்தோம் என்று அறிந்தனரா என்பது வேறு விஷயம்.

சட்டமும் அவ்வாறே. 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தனிப்பட்டோருக்குக் கொடுக்கவேண்டிய பழைய கடன்களின் வட்டிச் சுமையைப் பெரிதும் நீக்கிற்று. சங்கக் கடன்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு இருந்தது. ஆயினும் சட்டத்தின் வாசகம் வேறு; கிராமத்தில் அது கேட்கும் விதம் வேறு. சௌகாருடைய வட்டி தள்ளுபடியானால் சங்கத்தின் வட்டியும் ஏன் தள்ளுபடியாகக் கூடாது என்று கேட்ட அங்கத்தினருக்குப் பதில் கூறவேண்டியவர் சட்டசபை மெம்பரல்லர். திண்ணையில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்தாரே. சௌகார்களோ புதுக் கடன் கொடுக்க அஞ்சிக் கையை மடக்கிக்கொண்டால், தேவையுள்ளோர் அனைவரும் சங்கத்தின் வாசலுக்கே வருவர். மகாசபைகளில் இந்த விஷயத்தை விளங்கச் சொல்லி, சங்கப் பணம் அயலூர் டிபாசிட்தாரருடைய பணம் என்பதை எடுத்துக் காட்டியிருந்தால் குழப்பம் குறைந்திருக்கும். மகாசபையையே கூட்டாதவர் அதை எங்கே சொல்வது?

புறத்தேயிருந்து வரும் அதிர்ச்சி எப்போதும் கேடே என்பதுமில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி 28 அங்கத்தினர் 28 பவுன் மூலதனத்துடன் ஒரு பண்டகசாலை திறந்தனர். ரொக்க விற்பனை மட்டுமே செய்வது, கணக்கை மூன்று மாதத்திற்கு ஒருமுறை அனைவர் முன்னும் வைப்பது என்ற இரண்டையும் அவர்கள் விடாப்பிடியாகக் காத்தனர். 1849-இல் அந்நகரத்துச் சேமிப்பு பாங்கு, அதை நிர்வகித்தவர் செய்த மோசடியால் முறிந்தது. ஏழைகளின் சேமிப்புக்கு அது பெரிய இடி. ஆனால் கணக்கைத் திறந்து வைத்திருந்த பண்டகசாலையை மக்கள் நாடினர். 1848-இல் 140-ஆக இருந்த அங்கத்தினர் தொகை 1850-இல் 600 ஆயிற்று. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். எனினும் கணக்கு மூடியிருந்தால் அந்த வரவு நேர்ந்திராது. அதே நகரத்தில் அதே மனிதர் பலர் கூடி 1854-இல் ஏற்படுத்திய நூல் ஆலைச் சங்கத்தின் கதை வேறு. அதில் லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளருக்கு என்ற விதி இருந்தது. ஆலையை விரிவாக்கப் பணம் வேண்டியிருந்ததால் வெளியாருக்கும் பங்குகள் விற்கப்பட்டன. வந்தவர் லாபத்திற்காக வந்தவர்; வோட்டுப் பலம் அவர்களிடம் சேர்ந்ததும் 1862-இல் அவ்விதியை நீக்கிவிட்டனர். எதிரி ஒருவரும் வெளியிலிருந்து கதவை உடைக்கவில்லை. கதவைத் திறக்கும் தீர்மானம் உள்ளேயே, நல்ல நோக்கத்துடன், செய்யப்பட்டது.

சென்னை மாகாணத்துச் சங்கங்களுக்கு 1939-இல் தொடங்கிய உலக யுத்தம் எதிர்பாராத நிவாரணமாக வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி நின்றது. தானிய விலை ஏறிற்று. பத்து ஆண்டுகளாக நின்ற பாக்கிகள் பல சங்கங்களில் வசூலாயின. மேலே கூறிய கணக்கை இப்போது தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம்: முன்பு 44 மூட்டை கேட்ட கடன், மூட்டை 10 ரூபாயானால் 11 மூட்டையில் தீரும். நெல் விற்க இருந்தவருக்கே இந்த லாபம். கூலிக்கு உழைத்து அரிசி வாங்கி உண்டவருக்கு அதே விலை பட்டினியாயிற்று. அக்காலத்தில் வசூலைக் கண்டு பாராட்டுப் பெற்ற பஞ்சாயத்துகள் தம் நிர்வாகம் திருந்திவிட்டதாக எண்ணியிருந்தால் அது இயற்கையே. மனுக்களை அடுக்கும் கையும் கூட்டம் கூடும் திண்ணையும் பெரும்பாலும் முன்போலவே இருந்தன.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1951-52-இல் அகில இந்தியக் கிராமக் கடன் நிலைமை ஆராயப்பட்டு 1954-இல் அறிக்கை வெளிவந்தது. குடியானவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 பங்கே என்று அது காட்டிற்று. லேவாதேவித் தொழில் செய்வோர் மட்டும் கொடுத்தது 44.8 பங்கு.

சங்க நிர்வாகத்தில் பயிற்சி பெறுவோர் ஒரு சிறு வேலையைச் செய்து பார்க்கலாம். ஏதேனும் ஒரு சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு கடன் தீர்மானத்திற்கும் பக்கத்தில் மூன்று விவரங்களைப் பென்சிலால் குறித்து வரவேண்டும்: அன்று கூட்டத்திற்கு வந்தவர்களில் மனுதாரருக்கு உறவினர் எத்தனை பேர், அன்றைய நெல் விலை என்ன, அந்த மாதத்தில் மத்திய பாங்கிலிருந்தோ இலாகாவிலிருந்தோ வந்த கடிதம் யாது. சில பக்கங்களில் முதலாவது குறிப்பே தீர்மானத்தை விளக்கிவிடும், சிலவற்றில் மூன்றாவது. மூன்றில் எதனாலும் விளங்காத தீர்மானம் ஒன்று கிடைத்தால், அன்று திண்ணையில் யாரோ ஒருவர் எழுந்து வாய் திறந்து பேசியிருக்கிறார் என்று கொள்ளலாம். ஊரில் முதியவர் எவரேனும் இருந்தால் அவர் யாரென்று விசாரித்தறிவது பயனுடையது.